மெஹராஜ் டீச்சரின் தோல் பாலம்

மெஹராஜ் டீச்சர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பில் பாடம் நடக்காது. தாராவியில் அந்த முனிசிபல் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு பலகைத் தட்டிதான். இந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு அறிவியல், அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு வரலாறு. இந்தப் பக்கத்து நாற்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரே மூச்சில் "தக்கா!" என்று கத்தும்போது, அந்தப் பக்கம் எந்த ராஜா எந்தக் கோட்டையைப் பிடித்தால் யாருக்கு என்ன? வரலாற்று வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தட்டியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பார். கோபமாகத்தான் எட்டிப் பார்ப்பார். ஆனால் பார்த்த கண்ணை எடுக்க மாட்டார்.

அது 1985. மெஹராஜுக்கு இருபத்தேழு வயது. குள்ளம், வேகநடை, எந்நேரமும் முந்தானையில் சாக்பீஸ் தூள். ஏர்வாடியிலிருந்து வந்து தாராவியில் பெல்ட் பட்டறை போட்ட கரீம் பாட்சாவின் மூத்த மகள். மாட்டுங்காவில் காலேஜுக்குப் போய் அவள் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. வாங்கியபோது கரீம் பாட்சா பட்டறைக்கு ஒருநாள் லீவு விட்டு, தெருவுக்கே பிரியாணி போட்டார். "பௌதிகம்னா என்னது பாய்?" என்று கேட்டவர்களிடம், "அது எனக்குத் தெரியாது. கஷ்டமான படிப்புன்னு மட்டும் தெரியும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அதன்பிறகு பி.எட்., அதன்பிறகு தேடி வந்த ஒரு பேங்க் வேலை. பேங்க் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குத்தான் போவேன் என்று மெஹராஜ் ஒற்றைக்காலில் நின்றாள். கரீம் பாட்சா நாலு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். ஐந்தாம் நாள் அவளுக்கு ஒரு தோல்பை தைத்துக் கொடுத்தார்.

அந்தப் பையில் டிபன் டப்பாவைத் தவிர எல்லாம் இருக்கும். ரப்பர் பேண்ட், பலூன், சைக்கிள் கம்பி, நூல்கண்டு, பேனா ஸ்பிரிங், பாதிச் செங்கல் ஒன்று. பஸ் கண்டக்டர் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, வீடு கட்டப் போகிறீர்களா என்று மராத்தியில் கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஹெட்மாஸ்டர் பிரம்மநாயகத்துக்கு இந்தப் பையைக் கண்டாலே ஆகாது. அவருடைய அகராதியில் படிப்பென்றால் ஒப்பிப்பது. பிள்ளைகள் வரிசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். "டீச்சர், புத்தகத்துல உள்ளதைச் சொல்லிக் குடுங்க. பரீட்சையில ரப்பர் பேண்டா வரப் போவுது?" என்பார். சரி சார் என்பாள் மெஹராஜ். சொல்லிவிட்டு நேராக வகுப்புக்குப் போய்ப் புத்தகத்தை மூடுவாள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த செப்டம்பரில் 'விசை' பாடம் வந்தது. விசை என்றால் என்ன என்று கேட்டதுதான் தாமதம், வகுப்பு முழுக்க எழுந்து நின்று ராகம் போட்டு ஒப்பித்தது. மெஹராஜ் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லது. இப்போ சொல்லுங்க, விசையை யாராவது தொட்டிருக்கீங்களா?"

 முன்வரிசையில் ஒருவன் மட்டும் மெல்லக் கேட்டான்: "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?"

அவனையும் பக்கத்தில் இருந்தவனையும் எழுப்பி எதிரெதிரே நிறுத்தினாள். இரண்டு பேரும் உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்துக்கொண்டு காலைப் பின்னால் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். உடம்பு சாயச் சாய, இரண்டு பேரும் சேர்ந்து கூரை மாதிரி நின்றார்கள். தோள் நடுங்கியது, முகம் சிவந்தது. "எங்க வலிக்கி?" "கையில டீச்சர், தோள்ல டீச்சர்!" "யாரு தள்ளுதா?" "இவன் டீச்சர்!" "இல்ல டீச்சர், அவன்தான்!" அடுத்து, காலோடு காலை ஒட்டி வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருவரும் பின்னால் சாய்ந்தார்கள். இப்போது வலி முழங்கையில், விரலில். அவ்வளவுதான், வகுப்பு பெஞ்சைவிட்டு இறங்கிவிட்டது. சந்து பொந்தெல்லாம் ஜோடி ஜோடியாகத் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள், விழுகிறார்கள். புத்தகம் அமுக்குவிசை என்றும் இழுவிசை என்றும் சொன்னதைப் பிள்ளைகள் பம்பாய்ப் பாஷையில் தக்கா என்றும் கீச் என்றும் ஆக்கிக்கொண்டார்கள். மெஹராஜ் கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள்.

அந்தக் களேபரத்தில் ஒரு பெண் மட்டும் ஜோடி கிடைக்காமல் சுவரோடு கையை வைத்துச் சாய்ந்து நின்றாள். ஆறுமுகத்தாய். பன்னிரண்டு வயது, கடைசி பெஞ்ச், ரெட்டைச் சடை. தமிழ் வாசிக்கச் சொன்னால் திக்கித் திணறுவாள். அவள் கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், நான் செவுத்தைத் தள்ளுனா, செவுரும் என்னையத் தள்ளுதா?"

மெஹராஜ் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். நாலு வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று நாலு வருஷமாகக் காத்திருந்தவள் அவள். "நீ என்ன நினைக்கே?" என்றாள். "தள்ளுதுன்னுதான் நினைக்கேன். இல்லைன்னா நான் விழுந்திருப்பேன்லா?" அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க மெஹராஜ் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள். காய்கறிக்காரி காசை எண்ணிக் கொடுத்ததைக்கூட வாங்கிக்கொள்ள மறந்துவிட்டாள்.

அடுத்தது பாலம். கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, வீட்டில் கிடைப்பதைக் கொண்டுவந்து, ஒரு முழ இடைவெளியில் வைத்த இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பாலம் கட்ட வேண்டும். தாராவியில் சாமானுக்கா பஞ்சம்? அட்டைப்பெட்டி, மூங்கில் சிலாம்பு, தகரம், பிளாஸ்டிக், தோல் துண்டு என்று வகுப்பறை பழைய சாமான் கிடங்காகிவிட்டது. எதை வைத்துக் கட்டினால் கெட்டி என்று பிள்ளைகள் கேட்டார்கள். மெஹராஜ் யோசிக்கவே இல்லை.

"தோல்தான். எருமைத் தோலைவிடக் கெட்டியா எதுவும் கிடையாது. எங்க வாப்பாவையே தாங்கும்!"

அது நிஜம். பட்டறையில் யாராவது பெல்ட்டை முறுக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டால் கரீம் பாட்சா பேச்சை வளர்க்க மாட்டார். பெல்ட்டை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்குவார். எண்பது கிலோ. பெல்ட் அசையாது, வாங்க வந்தவர் காசை எடுப்பார். இதைப் பார்த்தே வளர்ந்த மகளுக்குத் தோலின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. தோலிலேயே பிழைக்கும் தெருக்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே நம்பிக்கை. ஆறுமுகத்தாயின் கூட்டம் பத்து நாள் உட்கார்ந்து, ஓட்டை போட்டு, நூல் கோத்து, கைப்பிடி வரைக்கும் தோலிலேயே ஒரு பாலம் தைத்தது. பார்க்க அத்தனை அழகு. செங்கல் மேல் வைத்து, நடுவில் ஓர் அறிவியல் புத்தகத்தை வைத்தார்கள்.

பாலம் புத்தகத்தோடு தரையில் போய் உட்கார்ந்தது.

"டூட் கயா!" என்று வகுப்பு அலறியது. உண்மையில் ஒன்றும் உடையவில்லை, துவண்டு போயிற்று. பாலம் கட்டச் சொன்னால் தூளி கட்டியிருந்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் மெஹராஜ். சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'டீச்சர் சொன்னது தப்பு'. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியார் தப்பென்று வாத்தியாரே எழுதி அவர்கள் கண்டதில்லை. "ஏன் தப்புன்னு கண்டுபிடிங்க. எங்க வாப்பா தொங்குனாங்களே, அது பொய்யா?"

ஆறுமுகத்தாய் துவண்ட பாலத்தைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு நுனியையும் பிடித்து உள்பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். இழுத்தால் விறைத்தது, தள்ளினால் மடங்கியது. இன்னொரு முறை இழுத்தாள், இன்னொரு முறை தள்ளினாள்.

"டீச்சர், ஒங்க வாப்பா தொங்குனது கீச். தோலுக்குக் கீச் தெரியும். தக்கா தெரியாது."

மெஹராஜ் அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். அப்புறம் யாரைப் பிடிக்க முடியும்? தள்ளுவதற்குப் பலகை, இழுப்பதற்குத் தோல். எது எங்கே? பேசிப் பேசி, கட்டிக் கட்டி, அவிழ்த்து அவிழ்த்து, ஒரு வாரத்தில் ஓர் உருவம் வந்தது. மேலே ஒரு மெல்லிய பெட்டிப் பலகை. அதன் நடுவில், அடிப்பக்கம் கீழ்நோக்கி ஒரு சாண் மூங்கில் கட்டை. பலகையின் ஒரு நுனியிலிருந்து புறப்பட்டு, கட்டையின் அடியில் புகுந்து, மறு நுனிக்கு ஏறும் ஒரு தோல் வார். பலகையில் ஏறி நின்றால் பலகை கட்டையை அமுக்கும், கட்டை வாரை அமுக்கும், வார் விறைத்துக்கொண்டு கட்டையைத் தாங்கும். வெறும் பலகை நாலு செங்கல்லில் முறிந்தது. அதே பலகை தோல் வாரோடு பதினெட்டுச் செங்கல்லைத் தாங்கியது. தட்டிக்கு அந்தப் பக்கம் வரலாற்று வாத்தியார் தன்னை மறந்து கை தட்டிவிட்டார்.

"பெருசா கட்டுவோம் டீச்சர்! ஆள் நிக்கிற மாதிரி!" என்று குதித்தன பிள்ளைகள். ஆறடி நீளத்தில் கட்டி, வருகிற சனிக்கிழமை அரைநாள் பள்ளியில் எல்லா வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலையில் பிச்சையா வந்தான்.

ஆறுமுகத்தாயின் அப்பா. டேனரியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் சுரண்டுகிற வேலை. வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றான். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, அவன் வரவும் இல்லை. மெஹராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"டீச்சர், எம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தைவிட்டு விலகுற எல்.சி. குடுத்திருங்க" என்றான். குரல் உயரவில்லை. "செம்பூர்ல தங்கச்சி வீடு இருக்கு. அங்ஙன ஒரு பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடுதேன்."

"வருஷம் பாதியிலயா? யாரு சேத்துக்கிடுவா? ஒரு வருஷம் போயிருமே! ஏன், என்ன ஆச்சு?"

"அவ கையில தோல் வாடை அடிக்கி டீச்சர்."

மெஹராஜ் சட்டென்று சிரித்துவிட்டாள். அவளுடைய வீட்டில் அது பேசிச் சிரிக்கிற விஷயம். தோல் வாடைதான் நமக்கு அத்தர் என்பார் கரீம் பாட்சா. ஆனால் பிச்சையா சிரிக்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா அவளை டேனரி வாசப்படி மிதிக்க விட்டதில்ல. சோறு கொண்டாரதுக்குக்கூட விட்டதில்ல. வேலைத் துணிய அங்ஙனயே அவுத்துப் போட்டுட்டு, ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதுக்கு முன்னாடி பிள்ளையத் தொட மாட்டேன். தோலத் தொடாம இருக்கணும்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன். நீங்க அவ கையில தோலைக் குடுத்துத் தைக்கச் சொல்லுதீங்க. இப்போ வெளிய விளையாடப் போனா பிள்ளைங்க அவள என்ன சொல்லிக் கூப்பிடுதுங்கன்னு தெரியுமா? தோல்காரின்னு."

சிரிப்பு மெஹராஜின் முகத்திலேயே செத்துப்போயிற்று. அவளுடைய வாப்பா தோலை விற்கிறவர். இவன் தோலைச் சுரண்டுகிற இடத்தில் நிற்கிறவன். அந்த வாடை அவளை ஒருநாளும் எங்கேயும் வெளியே நிறுத்தியதில்லை. இது ஏன் நமக்குத் தோன்றவே இல்லை என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, தன் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. பிரம்மநாயகம் மேசைக்குப் பின்னால் இருந்து, "நான் அப்பவே சொன்னேன் டீச்சர்" என்றார்.

"பிச்சையாண்ணே" என்றாள். பட்டறைக்காரர்கள் வீட்டில் அவனை அண்ணே என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். "தப்பு என்மேல. நான் யோசிச்சிருக்கணும். ஆனா ஒங்க பிள்ளை என்ன செய்தாள்னு நீங்க பாக்கல. சனிக்கிழமை ஒருதரம் வந்து பாருங்க. பாத்த பிறகும் எல்.சி. வேணும்னா, நானே எழுதி சார்கிட்ட கையெழுத்து வாங்கித் தாரேன்."

வருகிறேன் என்றும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல் பிச்சையா போய்விட்டான்.

அன்று மெஹராஜ் வகுப்பில், தோல் வேண்டாம், தேங்காய்நார்க் கயிறு வைத்துக்கொள்ளலாம் என்றாள். யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பற்றியும் பேசினாள். அவள் கோபப்பட்டு அந்தப் பிள்ளைகள் முன்பின் பார்த்ததில்லை, நாலைந்து தலைகள் கவிழ்ந்தன. கயிறு விஷயத்தை மட்டும் ஆறுமுகத்தாய் ஒப்புக்கொள்ளவில்லை. அவளாகவே ஒரு கயிற்றையும் ஒரு தோல் வாரையும் ஜன்னல் கம்பியில் கட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு செங்கல்லைத் தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் அளந்தார்கள். கயிறு நாலு விரற்கடை நீண்டிருந்தது, தோல் அரை விரற்கடைகூட இல்லை.

"கயிறு இழுபட்டுப் போவுது டீச்சர். தோல்தான் சரி."

"ஒங்க அப்பா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா திட்டுவாங்க. ஆனா தோல்தான் சரி."

 கணக்கும் அளவும் சேர்ந்து ஒரு பக்கம் நிற்கும்போது அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல மெஹராஜால் முடியாது. சாயங்காலம் வாப்பாவின் பட்டறைக்குப் போய்க் கழித்துப் போட்ட தோல் குவியலில் நீளமாக இருந்த இரண்டு வாரை எடுத்துவந்தாள்.

சனிக்கிழமை பள்ளி முற்றத்தில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். வேலையைப் பாதியில் விட்டு வந்த அப்பாமார், இடுப்பில் பிள்ளையோடு அம்மாமார், சும்மா போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள். இரண்டு மேசைகளை ஆறடி தள்ளிப் போட்டு, நடுவில் பாலத்தை வைத்து, அடியில் சாக்குகளை அடுக்கியிருந்தார்கள். மெஹராஜின் கண் கூட்டத்திலேயே இருந்தது. கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையோடு பிச்சையா. 

விளக்கிச் சொல்ல வேண்டியவள் ஆறுமுகத்தாய். புத்தகம் வாசிக்கத் திணறுகிறவள் மேசை மேல் ஏறி நின்று பேசத் தொடங்கினாள். முதல் இரண்டு வாக்கியம் தடுக்கியது. பிறகு கையை நீட்டிக் காட்டத் தொடங்கியதும் மடை திறந்துகொண்டது. தக்கா என்றால் என்ன, கீச் என்றால் என்ன, அதை உடம்பிலேயே பார்க்கலாம், பெரிய ஆட்கள் இரண்டு பேர் வேண்டும். ஒரே உயரம், ஒரே கனம்.

"அப்பா, நீங்க வாங்க. சார், நீங்க வாங்க."

கூட்டம் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பியது. பிரம்மநாயகம் பத்து வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பவர். பெற்றோர் கொண்டுவரும் காகிதத்தைக் கையில் வாங்க மாட்டார், மேசையில் வை என்பார். டேனரித் தெருக்காரர்களிடம் மட்டும்தான் அப்படி என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் ஞாபகத்திலேயே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே உயரம், ஒரே கனம்.  பிச்சையா மெதுவாக நடந்து வந்தான். பிரம்மநாயகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நாற்பத்து மூன்று பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார்.

முதல் தடவை அவர் விரல் நுனியைத்தான் கொடுத்தார். பிச்சையாவும் பட்டும் படாமலும் நின்றான். காலைப் பின்னால் வைத்ததுமே இரண்டு பேரும் தடுமாறினார்கள்.

"அப்படி இல்ல சார்!" ஆறுமுகத்தாய் மேசை மேலிருந்து கத்தினாள். "முழுக் கையையும் வைக்கணும். ஒருத்தர் எவ்வளவு தள்ளுதாவளோ அவ்வளவு மத்தவரும் தள்ளணும். ஒருத்தர் பின்வாங்குனா ரெண்டு பேரும் விழுவீங்க!"

இரண்டாம் தடவை உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்தது. காலை வைத்தார்கள், இன்னும் வைத்தார்கள், இன்னும். ஹெட்மாஸ்டரும் டேனரித் தொழிலாளியும் ஒருவர்மேல் ஒருவர் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு, முகத்துக்கு முகம் ஒரு முழ தூரத்தில், மூச்சு வாங்க நின்றார்கள். "தக்கா!" என்று பிள்ளைகள் முற்றம் அதிரக் கத்தினார்கள். பிரம்மநாயகத்தின் நெற்றியில் வேர்வை வழிந்தது. "பலமான ஆளுதான்வே நீரு" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது. பிச்சையா கையை எடுக்கவில்லை.

அடுத்து பாலம். பிள்ளைகள் யாரும் ஏறக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் முன்னமே சொல்லிவிட்டதால் மெஹராஜ் ஏறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையில் ஓரடி, ஈரடி, நடுவில் நின்றாள். தாங்கியது! விசில் பறந்தது. மெஹராஜ் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் ஏதோ இறங்குவது தெரிந்தது. ஒரு விரல். இரண்டு விரல். பலகை மெல்ல மெல்லக் குழிந்தது, அடியில் மூங்கில் கட்டை சாய ஆரம்பித்தது. "டீச்சர், வார் நீளுது! கீச் பத்தல!" என்று கத்தினாள் ஆறுமுகத்தாய். எங்கே தப்பு என்று மெஹராஜுக்குப் புரியவில்லை. ஜன்னலில் அளந்தபோது நீளாத தோல் இப்போது ஏன் நீள்கிறது? இறங்க வேண்டும் என்ற எண்ணமே வராமல் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எறங்குங்க டீச்சர்! எறங்குங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிச்சையா ஓடிவந்தான். அவள் குதித்ததும் பலகைக்கு அடியில் தலையை விட்டு, வாரைக் கட்டைவிரலால் அழுத்தி, நகத்தால் கீறிப் பார்த்தான். "வயித்துத் தோலு" என்றான். "வயிறு உப்பும், சுருங்கும். அந்த இடத்துத் தோலு நீளத்தான் செய்யும். யாரு எடுத்துக் குடுத்தா இத?" மெஹராஜ் கையைத் தூக்கினாள். பெல்ட் கடைக்காரர் மகளுக்குப் பக்கிள் தெரியும், பாலிஷ் தெரியும், மாட்டின் வயிறும் முதுகும் தெரியவில்லை. "முதுகுத் தோல் வேணும் இதுக்கு" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி டேனரியைப் பார்த்து ஓடியே போனான்.

பாலம் கடைசியில் தாங்கியதா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். தாங்கியது. அன்று மத்தியானம் அதில் மெஹராஜ் நின்றாள், வரலாற்று வாத்தியார் நின்றார், இரண்டு பேரும் ஒன்றாகவும் நின்றார்கள், அரை விரல்கூட இறங்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மெஹராஜ் பிற்பாடு எத்தனையோ வகுப்பு எடுத்தாள், எத்தனையோ பாலம் கட்டவைத்தாள். அந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் அவள் சொல்வது இதைத்தான்.

கால் மணியில் பிச்சையா திரும்பி வந்தான். தோளில் நீளமான ஒரு வார், முதுகெலும்பை ஒட்டி அறுத்தது, கனமாக, பழுப்பாக, வாடையோடு. வெள்ளைச் சட்டையில் கறை ஏறியிருந்ததை அவன் பார்க்கவே இல்லை. ஆறுமுகத்தாய் மேசையைவிட்டுக் குதித்து, வாரை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள்.

"தொடாத" என்றான் பிச்சையா.

அவள் கை அப்படியே நின்றது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் மெஹராஜ். பிச்சையா முழங்கால் போட்டுப் பலகைக்கு அடியில் உட்கார்ந்தான். பழைய வாரை அவிழ்த்து எறிந்தான். புது வாரின் நுனியை எடுத்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ தொட வேண்டாம். நான் கட்டுதேன். எங்ஙன கட்டணும்னு நீ சொல்லு."

ஆறுமுகத்தாய்க்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவளும் குனிந்து விரலை நீட்டிச் சொல்லத் தொடங்கினாள். அந்த நுனியிலேர்ந்து, கட்டைக்கு அடியில, இல்லப்பா, இன்னும் இழுத்து, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும், இல்லைன்னா கட்டை சாஞ்சிரும். பிச்சையா பல்லைக் கடித்து வாரை இழுத்தான், முடிச்சைப் போட்டான், சரியா என்று கேட்டான். சரியில்லை என்றாள். அவிழ்த்து மறுபடியும் போட்டான். 

பிரம்மநாயகம் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, குனிந்து கேட்டார். "பிச்சையா, அந்த எல்.சி. விஷயம்..."

பிச்சையா தலையைத் தூக்கவில்லை. வாரைப் பிடித்திருந்த கையை விடாமல் சொன்னான்.

"கொஞ்சம் இருங்க சார். பிள்ளை சொல்லிக்கிட்டிருக்கா."